தள்ளிப்போனதா, தள்ளிப்போட்டதா?

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். மழையால் பெங்களூரா மாங்காய் வரத்து குறைந்து, 16ஆம் தேதி போக வேண்டிய சரக்கு நின்றுவிட்டது. 20ஆம் தேதிதான் அனுப்ப முடியும். வெளிநாட்டு பார்ட்டிக்கு ‘தி டெஸ்பாட்ச் இஸ் போஸ்ட்போன்ட் ஆன் ட்வென்டியத்’ என்று மெயில் போட்டேன். ‘எங்களைக் கேட்காமல் யார் முடிவு செய்தது?’ என்று கோபமாகப் பதில் வந்தது. போஸ்ட்போன், டிலே, புட் ஆஃப் எல்லாம் ஒன்றுதானே? எங்கே தப்பு?

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றல்ல. அந்த வேறுபாடு தமிழில் உங்களுக்கு நன்றாகவே தெரியும். ‘கல்யாணம் தள்ளிப்போச்சு’ என்றால் யாரையும் குறை சொல்ல மாட்டோம். ‘கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுட்டாங்க’ என்றால் உடனே ‘யாரு, பொண்ணு வீடா?’ என்று கேட்போம். போஸ்ட்போன் என்பது தள்ளிப்போடுவது. ஒருவர் முடிவெடுத்து, காரியம் தொடங்குமுன்பே வேறு தேதிக்கு மாற்றுகிறார். உங்கள் சரக்கு மழையால் தள்ளிப்போனது. அதற்கு ‘ஹேஸ் பீன் டிலேட்’தான் சரி. அதையே ‘வீ டிலேட் தி டெஸ்பாட்ச்’ என்று எழுதினால் பழி மறுபடி உங்கள் தலையில்தான் விழும். எனவே இங்கே ‘வீ’ வேண்டாம்.

இரண்டாவது தப்பு அந்த ‘ஆன்’. ‘போஸ்ட்போன்ட் ஆன் ட்வென்டியத்’ என்றால், தள்ளிப்போடும் முடிவை 20ஆம் தேதி எடுத்தார்கள் என்று பொருள் வரும். புதுத் தேதியைச் சொல்ல ‘டு’ அல்லது ‘அன்டில்’, எத்தனை நாள் தள்ளியது என்று சொல்ல ‘பை’: ‘போஸ்ட்போன்ட் டு தி ட்வென்டியத்’, ‘டிலேட் பை ஃபோர் டேஸ்’. இந்த ‘பை’யில் கவனம் தேவை. ‘வீ வில் ஷிப் பை தி ட்வென்டியத்’ என்றால் 20ஆம் தேதிக்குள் அனுப்புவோம் என்ற வாக்குறுதி. 18ஆம் தேதியே எதிர்பார்த்து போன் செய்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

நம் ஊர் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொன்று ‘போஸ்ட்போன்ட் டு சென்ட்’. போஸ்ட்போன், டிலே, டெஃபர் (பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைப்பது), புட் ஆஃப் நான்குக்கும் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர்ந்துதான் வரும்: ‘டிலேட் சென்டிங்’.

புட் ஆஃப் பேச்சுக்கு ஏற்றது. பல் டாக்டரிடம் போக மனமில்லாமல் நாளைக் கடத்துகிறோமே, அந்த வாடை அதில் அடிக்கும். அதனால் வாடிக்கையாளர் மெயிலில் அதைத் தவிர்ப்பது நல்லது. எழுதியே ஆக வேண்டுமென்றால், ‘இட்’ நடுவில் வர வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ கிடையாது. தப்பித்தவறியும் ‘கால் ஆஃப்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆர்டரே ரத்து என்று ஆகிவிடும்.

அட்ஜர்ன் என்பது கூடிய அவையை, நடக்கிற விசாரணையை இடையில் நிறுத்தி இன்னொரு நாளுக்கு வைப்பது. கோர்ட்டில் வாய்தா என்கிறோமே, அதுதான். சட்டமன்றம் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ என்று செய்தி வருவதும் இதுவே. லாரிக்கும் சரக்குக்கும் இது பொருந்தாது. டெஃபர் பணம், முடிவு, கல்லூரிச் சேர்க்கை போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும்.

தேதியை முன்னால் கொண்டுவருவதைச் சொல்லும் ப்ரீபோன் நம் நாட்டு ஆங்கிலம். உள்ளூரில் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகலாம் என்பதால் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுங்கள். ‘மூவ் ஃபார்வர்ட்’ வேண்டாம். முன்கூட்டியா, தள்ளியா என்று ஆங்கிலம் பேசுகிறவர்களே குழம்புவார்கள். ‘டேபிள்’ இன்னும் மோசம். பிரிட்டனில் ஒரு விஷயத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுக்கிறார்கள், அமெரிக்காவில் கிடப்பில் போடுகிறார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி மாட்டிக்கொண்டால் ‘ஹெல்ட் அப் இன் டிராஃபிக்’ என்பது கச்சிதம்.

உங்கள் மெயில் இப்படி இருந்திருக்கலாம்: ‘டியூ டு ஹெவி ரெயின், தி டெஸ்பாட்ச் ஹேஸ் பீன் டிலேட் பை ஃபோர் டேஸ். வீ வில் ஷிப் ஆன் தி ட்வென்டியத்.’ காரணம், எத்தனை நாள், புதுத் தேதி மூன்றும் வந்துவிட்டன. ‘இன்கன்வீனியன்ஸ் ரிக்ரெட்டட்’ என்ற பழைய பல்லவியை விட, ‘வீ ஆர் சாரி ஃபார் தி டிலே’ மனிதர் பேசுவதுபோல் இருக்கும்.

எல்.சி.யில் (சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) கடைசி ஷிப்மென்ட் தேதி 20க்கு முன்பே முடிகிறதா என்று இன்றே பாருங்கள். அப்படி முடிகிறது என்றால் மெயில் மட்டும் போதாது, எல்.சி.யைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே கேட்க வேண்டியது போஸ்ட்போன் அல்ல, ‘எக்ஸ்டென்ட்’. கெடுவை நீட்டுவார்கள், தள்ளிப்போட மாட்டார்கள்: ‘ப்ளீஸ் எக்ஸ்டென்ட் தி லேட்டஸ்ட் ஷிப்மென்ட் டேட் டு…’ என்று தொடங்கி, இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே கேளுங்கள். மழை இன்னும் விடவில்லையே.