தொழிலாளர்கள் அதிகம் வாழும் புறநகர் குடியிருக்க ஏற்றதா, எப்படித் தெரிந்துகொள்வது?

வாடகை குறைவு என்று அப்படியொரு ஊருக்குக் குடிபோகலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். வெளியாட்கள் சொல்லும் பேரை நம்பாதீர்கள். பழைய சுவர்களையும் நெருக்கமான வீடுகளையும் பார்த்தே 'மோசமான ஏரியா' என்று பலர் முத்திரை குத்திவிடுகிறார்கள், அது அநியாயம். வேலை நாளில் இரவு 10 மணிக்குப் போய் நில்லுங்கள். ஷிப்ட் முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் பெண்கள் பேசிக்கொண்டே நிதானமாக நடக்கிறார்களா, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரைகிறார்களா? பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தால் அந்தத் தெரு வேண்டாம். அப்புறம், ஊரே ஒரே ஆலையை நம்பியிருக்கிறதா என்று விசாரியுங்கள்; அது மூடினால் கடைகளும் பேருந்துகளும் சேர்ந்தே குறையும். வாடகையோடு பயணச் செலவையும் கூட்டிப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களே பத்து வருடமாக நகராமல் இருக்கும் தெரு என்றால், நான் தயங்காமல் போவேன்.