புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டாலும் வாய்ப் புற்றுநோய் வருமா?

"அம்மா புகையிலையைத் தொடுவதே இல்லை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். 40 வருடமாகப் போடுகிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். அதற்குப் பாக்கு ஒன்றே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் புகையிலை கலக்காத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது.

நான் ரங்கூனில் ஓர் ஆய்வகத்தில் பயாப்சி திசுக்களை (நோயைக் கண்டறிய உடலிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை) மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றும் வேலை பார்க்கிறேன். எங்கள் பெரியப்பாவும் உங்கள் அம்மாவைப் போலத்தான். தெருமுனைக் குன்யாக் கடையில், அதாவது வெற்றிலைக் கடையில், இலையில் சுண்ணாம்பைத் தடவும்போதே "புகையிலை வேண்டாம்" என்று பர்மியில் சொல்லிவிடுவார். ஒருநாள் மொஹிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் சூப் சாப்பிடும்போது, மிளகாய்த்தூள் போடாமலே வாய் எரிகிறது என்றார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

அவர் கன்னத்திசு வைத்த கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். நல்ல கன்னத்தில் மேல்தோல் கனமாக, கீழே அலை அலையாக இறங்கியிருக்கும். அதன் அடியில் இளஞ்சிவப்பு நார்கள் தளர்வாக இருக்கும், நடுநடுவே ரத்தக் குழாய்கள் தெரியும். பெரியப்பாவின் தகட்டில் மேல்தோல் தேய்ந்து தட்டையாக இருந்தது. அடியில் ஒரே இளஞ்சிவப்புப் பாளம். குழாய்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாளம் கொலாஜன் என்ற நார்ப்புரதம். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், கொலாஜன் செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கு வேலை செய்யச் செம்பு வேண்டும். அது தாராளமாகக் கிடைத்ததும் உடலால் எளிதில் கரைக்க முடியாதபடி நார்கள் இறுகிவிடுகின்றன. இந்தியாவில், கன்னம் இப்படி இறுகும் இந்த நார்த்திசு நோய் வந்த 66 பேரை 17 வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கன்னம் இறுகிய எல்லாருக்கும் புற்று வருவதில்லை என்பது உண்மை. ஆனால் 66இல் 5 என்பது என்னைப் பொறுத்தவரை சின்ன எண் இல்லை.

சுண்ணாம்பு இதில் சும்மா இருப்பதில்லை. அது வாயைக் காரத்தன்மைக்கு (உறைப்பு இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை) மாற்றுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, டிஎன்ஏவை அடிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. எச்சிலில் அரிகோலினிலிருந்து நைட்ரோசமைன்கள் என்ற புற்று உண்டாக்கும் பொருள்களும் உருவாகின்றன. புகையிலை சேர்ந்தால் அதன் நைட்ரோசமைன்களும் கூடச் சேரும்.

டிஎன்ஏவில் அடிபட்டவுடனே புற்று வந்துவிடாது. செல்லுக்குள் பி53 என்று ஒரு காவல் மரபணு இருக்கிறது. சேதம் தெரிந்தால் செல் பிரிவதை நிறுத்தும், சரி செய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவிடும். வாய், தொண்டைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போயிருப்பது இதுதான். பிரிவுக்குத் தடை போடும் பி16 மரபணுவும் அடிக்கடி போய்விடுகிறது. "வளர், வளர்" என்று சைகை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் செல்லின் மேல் அளவுக்கு மீறிக் குவிகிறது. இவை ஒரே செல்லின் வழித்தோன்றல்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும், அதற்குப் பல வருடம் ஆகும். எந்த அடி எந்த மரபணுவில் விழுகிறது என்பது பெரும்பாலும் தற்செயல். பழுது பார்க்கும் நொதிகளும் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் சொன்ன அந்த 40 வருடக்காரர்கள் தப்பித்தது இப்படித்தான். தப்பிக்காதவர்கள் இன்று நம் கண்ணில் படுவதில்லை, அதையும் யோசித்துப் பாருங்கள்.

பாக்கே போடாதவர்களுக்கும் உள்நாக்குச் சதையிலும் (டான்சில்) நாக்கின் அடிப்பகுதியிலும் புற்று வருவதுண்டு. அதில் பல எச்பிவி 16 என்ற பாப்பிலோமா வகை வைரஸால் வருபவை. அங்கே பி53 மரபணு பெரும்பாலும் கெடாமலே இருக்கும், அது செய்யும் புரதத்தை வைரஸ் அழித்துவிடும். வழி வேறு, முடிவு ஒன்று.

இன்னொன்று. சாறு ஊறிய வாய் முழுவதிலும் செல்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரு கட்டியை வெட்டி எடுத்த பிறகு பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று முளைப்பது அதனால்தான். 1953லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து, அவருடைய மூன்று விரலையே செங்குத்தாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இறுகிய கன்னம், இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பெரியப்பா பாக்கை விட்டு நான்கு வருடம் ஆகிறது. கன்னம் இளகவில்லை, அதே ஒன்றரை விரல்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே கூட்டிப்போய் வாயைக் காட்டுகிறேன்.