வாசகர் கேள்வி-பதில்: மீண்டும் ஹேலோ 3

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் காலத்தில் ஹேலோ 3 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ ஆட்டத்தை நண்பர்களோடு சேர்ந்து முடித்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்துத் தனியாக விளையாட ஆசையாக இருக்கிறது. அன்றைய சுவை இன்றும் இருக்குமா, அல்லது நல்ல நினைவைக் கெடுத்துக்கொள்வேனா?

பதில்: சுவை இருக்கிறது; ஆனால் நீங்கள் தேடிப் போகும் இடத்தில் அது இல்லாமல் போகலாம். இரண்டாம் பாகம் 2004ஆம் ஆண்டில் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனதால், 2007 செப்டம்பரில் மூன்றாம் பாகம் வந்தபோது பலரும் முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்திலேயே அதை விளையாடினார்கள். முடிவு தெரிந்துவிட்ட பிறகு கதையின் ஒட்டுகள் கண்ணில் படுகின்றன. கமாண்டர் மிராண்டா கீஸ் துணைக்கு ஒருவரும் இல்லாமல் விமானத்தை எதிரியின் கோட்டைக்குள் மோதவிட்டு நுழைந்து உயிரை விடும் காட்சி, துயரத்தைவிட ‘இவர் ஏன் படையோடு வரவில்லை’ என்ற கேள்வியைத்தான் எழுப்புகிறது.

கதையின் அவசரம் விலகியதும் சண்டைக்களம் தன் முழு அழகோடு தெரியத் தொடங்கும். ‘தி கவனன்ட்’ மிஷனில் ஸ்கேரப் என்னும் ராட்சத நடை எந்திரங்கள் இரண்டு ஒருசேர வந்து இறங்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் ஸ்கேரப் வகுத்துவைத்த தடத்தில் மட்டுமே நடந்தது. இங்கே அது களத்தைப் பார்த்துத் தானே நகர்கிறது, திரும்புகிறது, உங்களைக் குறிவைக்கிறது. டாங்கியால் அதன் கால்களைச் சுட்டு மண்டியிடவைத்து மேலே ஏறலாம். ஹார்னெட் விமானத்தில் நேராக அதன் முதுகிலேயே போய் இறங்கலாம். இறங்காமல் வானிலிருந்தே பின்புறத் தகட்டைத் தகர்த்து உள்ளிருக்கும் மின்மையத்தை உடைக்கவும் செய்யலாம். முதல் முறை எந்த வழியில் வென்றீர்களோ அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடியுங்கள். மறுமுறை விளையாடுவதன் பயனே அதில்தான் இருக்கிறது.

கடினநிலையில் நார்மலுக்கு அடுத்த படியான ஹீரோயிக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நார்மலில் எதிரிகள் தங்கள் குணத்தைக் காட்டுவதற்கு முன்பே செத்துவிடுகிறார்கள். ஹீரோயிக்கில் ப்ரூட் என்னும் பேருருவ எதிரியின் கவசம் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுவதையும், தலைவன் சாய்ந்ததும் கிரண்டு என்னும் குட்டி எதிரிகள் கைகளைத் தூக்கிக்கொண்டு சிதறி ஓடுவதையும், அவற்றில் ஒன்றிரண்டு இரு கைகளிலும் எரியும் பிளாஸ்மா குண்டுகளோடு உங்களை நோக்கியே ஓடிவருவதையும் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க் இன்னும் கைவசம் இருக்கிறது. அதிலேயே விளையாடலாமா?

பதில்: தனியாக விளையாடத் தடையில்லை. ஆனால் அந்தப் பதிப்பின் படம் 1152×640 அளவில், நொடிக்கு 30 பிரேம்களில்தான் ஓடும். அதன் ஆன்லைன் சேவையும் 2022 ஜனவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2014ஆம் ஆண்டிலேயே வந்த ‘மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ தொகுப்பின் வழியாக இந்த ஆட்டம் 2020 ஜூலையில் கணினிக்கும் வந்தது. நொடிக்கு 60 பிரேம்களில் விளையாடிப் பார்த்தவருக்குப் பழையதற்குத் திரும்ப மனம் வராது. ஒளியமைப்பு இன்றும் கண்ணைக் கவர்கிறது. மனித முகங்களைத்தான் கிட்டப் போய்ப் பார்க்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: ‘கோர்ட்டானா’ மிஷனைத் தாண்டிவிட்டுப் போகலாமா? அன்றே எனக்குப் பிடிக்கவில்லை.

பதில்: உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் பிடிக்காத மிஷன் அது. ஃப்ளட் என்னும் ஒட்டுண்ணி உயிரினம் பரவிச் சதைக்குகையாகிப் போன ஹை சாரிட்டி என்னும் வேற்றுக்கோள் எதிரிகளின் நகருக்குள் திசை தெரியாமல் அலையவேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டிக்கொண்டு முள் எய்யும் ஃப்ளட் வகை பொறுமையைச் சோதிக்கிறது. போதாக்குறைக்கு, செயற்கை அறிவுத் தோழியான கோர்ட்டானாவும் ஃப்ளட்டின் தலைமை மூளையான கிரேவ்மைண்டும் பேசத் தொடங்கும்போதெல்லாம் நாயகன் மாஸ்டர் சீஃப்பின் நடை தளர்ந்து, காட்சி மங்கி, ஆட்டம் இழுபடுகிறது. ஆயினும் தாண்டிவிட வேண்டாம். கோர்ட்டானாவை விட்டுவிட்டு வந்த இரண்டாம் பாகத்தின் கடன் இங்கேதான் தீர்க்கப்படுகிறது. கடினநிலையை ஈஸிக்கு இறக்கிக்கொண்டு, கையில் ஒரு ஷாட்கன்னை வைத்துக்கொண்டு, விரைந்து முடித்துவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: கடைசியில் வார்த்தாக் என்னும் போர் ஜீப்பை ஓட்டும் கட்டத்தில் அடிக்கடி கீழே விழுந்து சாகிறேன். மிகக் கடினமான லெஜண்டரி நிலையில் முடித்தால்தான் கூடுதல் காட்சி கிடைக்குமாமே, அதற்கு வேறு வழி இல்லையா?

பதில்: முதல் பாகத்தின் இறுதி ஓட்டத்தில் திரையில் ஒரு கடிகாரம் ஓடி உங்களை விரட்டியது. இங்கே கடிகாரம் கிடையாது. தரையே தகடு தகடாகச் சரிந்து விரட்டுகிறது. ஆகவே வழியில் தென்படும் ஃப்ளட்டையும் காவல் எந்திரங்களையும் சட்டை செய்யாதீர்கள். சுடும் வேலையைப் பின்னால் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் வேற்றுக்கோள் கூட்டாளி ஆர்பிட்டர் பார்த்துக்கொள்வார். பார்வை வண்டியின் முகப்பில் அல்லாமல் இரண்டு தகடுகள் தள்ளி இருக்கட்டும். மேட்டில் தாவும்போது வண்டியைத் திருப்பினால் தரையைத் தொட்டதும் குடைசாயும். தாவுவதற்கு முன்பே நேராக்கிவிடுங்கள். மார்ட்டின் ஓ’டொனலும் மைக்கேல் சால்வடோரியும் அமைத்த அந்தப் பழைய இசை அங்கே மறுபடி எழும்போது வேகத்தைக் கூட்டத் தோன்றும். பெரும்பாலும் அந்த ஆர்வத்தில்தான் வண்டி பள்ளத்தில் விழுகிறது.

கூடுதல் காட்சிக்கு ஆட்டத்தை லெஜண்டரியில் முடிக்கவேண்டும் என்பது உண்மைதான். அதில் உடைந்த கப்பலின் பாதி ஓர் அறியாத கோளை நோக்கி மிதந்து செல்லும். 2012ஆம் ஆண்டில் வந்த நான்காம் பாகம் அந்தக் கோளில்தான் நடக்கிறது. சில நொடிகளே நீளும் அந்தக் காட்சிக்காகத் தனியாக லெஜண்டரியில் வதைபடுவதைவிட, நால்வர் வரை சேர்ந்து விளையாட இந்த ஆட்டம் இடம் தருவதால், பழைய நண்பர்களில் மூவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.