இலை செழிக்குது, காயைக் காணோமே!

தோட்டமும் வயலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொட்டை மாடியில் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி யூரியா, நடுவில் கடலைப் புண்ணாக்குக் கரைசல். செடி இடுப்பளவு வளர்ந்து, இலை கரும்பச்சையாக இருக்கிறது. பூ மட்டும் வரவில்லை. என்ன உரம் போட வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி யூரியா 40 கிராமுக்குக் குறையாது. அதில் 46 சதவீதம், அதாவது 18 கிராம், தழைச்சத்து (நைட்ரஜன்). வயலில் ஒரு தக்காளிச் செடிக்கு நட்டதிலிருந்து கடைசிப் பறிப்பு வரை கொடுப்பதே 8 கிராம் அளவுதான். இரண்டு பருவத்துச் சாப்பாட்டை ஒரே வேளையில் பரிமாறிவிட்டீர்கள். அவ்வளவு தழைச்சத்து கிடைத்தால் செடி இலையும் பக்கக் கிளையுமாக ஓடும், பூப்பதைத் தள்ளிப்போடும். கொழுந்து இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினிப் பூச்சியும் வந்திருக்கும்.

பையின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். மிச்ச உப்பு அதோடு போய்விடும். மேல்மண் காயும்வரை மறுபடி தண்ணீர் காட்டாதீர்கள். இலைக்கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, தழைச்சத்தே இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் உள்ள 0-52-34 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மொட்டு தெரிய வேண்டும். பூ பிடித்த பிறகு புண்ணாக்குக் கரைசல் மட்டும் போதும்: 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பைக்கு அரை லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. சித்திரை வெயிலில் பூ கொட்டினால் அது உரக் குறையல்ல, சூடு. அதற்காக உரத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கறுப்புக் கவுனி நெல்லைப் புழுதி விதைப்பாக (மழைக்கு முன் காய்ந்த மண்ணில்) போடுகிறோம். ஒரு மாதப் பயிரில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா வீசுகிறோம். பயிர் பிரமாதமாக வருகிறது. கதிர் வாங்கியதும் சாய்ந்துவிடுகிறது. மருந்து உண்டா?
– வாசகர், தேவகோட்டை வட்டாரம்

பதில்: மருந்தைத் தேட வேண்டாம், மூட்டையைக் குறையுங்கள். இரண்டு மூட்டை 90 கிலோ. அதில் தழைச்சத்து 41 கிலோ. குட்டை ரகங்கள் அதைத் தாங்கும். கவுனி உயரமாக வளரும் பாரம்பரிய ரகம். தழைச்சத்து மிஞ்சினால் அடிக்கணுக்கள் நீண்டு, தாள் மெலிந்து, கதிர் பாரத்தில் மடங்கும். குலைநோயும் புகையான் பூச்சியும் சேர்ந்து வரும்.

உங்கள் பக்கத்துச் சரளைச் செம்மண்ணுக்கு உரத்தைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. ஐப்பசி அடைமழையில் ஒரே தவணையாகப் போட்டதில் பெரும்பங்கு கீழே இறங்கியோ வரப்பு தாண்டியோ போய்விடும். ஆக, மழை ஏமாற்றினால் பயிர் சாய்கிறது, மழை கொட்டினால் காசு கரைகிறது.

தொழுவுரம் இட்ட நிலத்தில் மொத்தமே 35 கிலோ யூரியா போதும். முளைத்து 25 நாளில் 12 கிலோ, தூர் கட்டும்போது 12 கிலோ, கதிர் உருவாகும்போது மிச்சம். கடைசித் தவணையை நாள் எண்ணிப் போடாதீர்கள். ஒரு தாய்த்தூரைப் பிடுங்கி, பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேல்கணுவுக்குச் சற்று மேலே பஞ்சு நுனிபோல வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் அதுதான் தருணம். அறுவடைக்கு ஏறக்குறைய 65 நாள் முன்பு இது வரும். கதிர் வெளிவந்த பிறகு யூரியா பக்கமே போகக் கூடாது. இரண்டாம், மூன்றாம் தவணைகளோடு தலா 8 கிலோ பொட்டாஷ் சேர்த்தால் தாள் உறுதிப்படும்.

ஒவ்வொரு தவணைக்கு முன்னும் இலை வண்ண அட்டையை (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்டது) வைத்துப் பாருங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழலில் இலை இருக்கும்படி நின்று, பத்துச் செடிகளில் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது வழக்கம்; சாயும் குணமுள்ள கவுனிக்கு 3 என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஆறு இலைகளாவது அதைவிட வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. இல்லையென்றால் அந்தத் தவணையைத் தள்ளிப்போடுங்கள். தேங்கிய தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது வீசி, மடையை அடைத்துவிடுங்கள். மழை கருக்கட்டி நிற்கும் நாளில் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் ஈரம் இருக்கையிலேயே பசுந்தாள் உரமான கொளுஞ்சியை ஏக்கருக்கு 8 கிலோ விதைத்துவிட்டால், அடுத்த விதைப்புக்கு முன் மடக்கி உழலாம். விதைத்தோல் கடினமானது, மணலோடு தேய்த்து விதைக்காவிட்டால் பாதிகூட முளைக்காது.

கேள்வி: பழைய வீட்டுப் பின்கட்டில் மூன்று வயது எலுமிச்சை. துளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. யூரியா போட்டும் மாறவில்லை.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தழைச்சத்துக் குறைவென்றால் முதலில் பழுப்பது அடி இலை, செடி அதிலிருந்து சத்தை உருவித் துளிருக்கு அனுப்பும். துளிரே வெளுத்து நரம்பு பச்சையாக நிற்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பின்கட்டுகளில் இடித்த சுவரின் சுண்ணாம்புக் காரை புதைந்து கிடக்கும். அது மண்ணில் காரத்தன்மையைக் கூட்ட, இரும்பு வேருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். உப்பு போர்த் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மாலையில், 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். தூரிலிருந்து இரண்டடி தள்ளிச் சுற்றிலும் ஒரு முழம் தோண்டி, காரைக் கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்புங்கள். இனி யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட், மாதம் 50 கிராம். அது மண்ணின் காரத்தையும் குறைக்கும். முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: யூரியாவோடு அடுப்புச் சாம்பல் கலந்து போடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: கூடாது. சாம்பலின் காரத்தில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஈரத்தில் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சாம்பலை முதலில் மண்ணில் கலந்து, இரண்டு வாரம் கழித்து யூரியா போடுங்கள். வேப்பம்புண்ணாக்குத் தூள் கலக்கலாம்: 5 கிலோ யூரியாவுக்கு ஒரு கிலோ, முதல் நாள் இரவே.