சிக்கலாக்கியது யார்?

கேள்வி: அணிகளை (matrix, எண்களின் கட்டங்களை) கூட்டும்போது அதே இடத்து எண்களைக் கூட்டினால் வேலை முடிந்தது. பெருக்கலுக்கு மட்டும் நிரை (கிடை வரிசை), நிரல் (செங்குத்து வரிசை) என்று ஏன் அலைய வேண்டும்? எளிதாக இருந்ததை வேண்டுமென்றே சிக்கலாக்கிவிட்டார்களா?

பதில்: நீங்கள் கேட்கும் எளிய பெருக்கலும் இருக்கிறது. ஹடமார்டு பெருக்கல் என்று அதற்குப் பெயர். டிஜிட்டல் படத்தில் ஒரு பகுதியை மட்டும் மறைக்க அது போதும், தாராளமாகச் செய்யுங்கள். பாடத்தில் வருவது வேறு வேலைக்கானது. பேனாவை எடுங்கள்.

க = 2ப + 3ம
ச = ப + 4ம

இதில் ப, ம இரண்டும் வேறு இரண்டைச் சார்ந்தவை என்று வைத்துக்கொள்வோம்:

ப = த + 2ந
ம = 5த + ந

க, ச இரண்டையும் த, ந கொண்டு எழுதுங்கள். எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். க = 17த + 7ந, ச = 21த + 6ந என்று வரும். அந்த 17 எப்படி வந்தது? 2×1 + 3×5. முதல் இரண்டு சமன்பாடுகளின் கெழுக்களை அப்படியே அடுக்கினால் முதல் அணி, அடுத்த இரண்டின் கெழுக்கள் இரண்டாம் அணி. அதாவது முதல் அணியின் மேல் நிரை (2, 3), இரண்டாம் அணியின் முதல் நிரல் (1, 5). மற்ற மூன்றும் இப்படித்தான். நீங்கள் திட்டுகிற விதியை இப்போது நீங்களே போட்டுவிட்டீர்கள்! ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆர்தர் கெய்லி 1858இல் அணிகளின் கோட்பாட்டை எழுதியபோது பெருக்கலுக்கு அடிப்படையாக வைத்ததும், ஒரு பிரதியிடலை அடுத்து இன்னொன்றைச் செய்வது என்ற இதே எண்ணத்தைத்தான்.

முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாவதன் நிரை எண்ணிக்கையும் ஏன் ஒத்திருக்க வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. ப, ம இரண்டு இருந்தால் இரண்டுக்கும் சமன்பாடு வேண்டாமா?

அப்புறம், இடம் மாற்றிப் பெருக்கிப் பாருங்கள். 4, 11, 11, 19 வரும். பழைய விடையில் ஒரு எண்கூட மிஞ்சாது. இதைத் தவறு என்று நினைத்து அடித்து அடித்து எழுதுபவர்கள் பலர். தவறில்லை. எதை முதலில் பிரதியிடுகிறோம் என்பது மாறினால் விடையும் பொதுவாக மாறத்தான் செய்யும்.

சரி, உண்மையான சிக்கல் வேண்டுமா? நாம் போட்ட கணக்கில் 8 பெருக்கல், 4 கூட்டல். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபோல்கர் ஸ்ட்ராசன் 1969இல் 7 பெருக்கலே போதும் என்று காட்டினார். பதிலுக்குக் கூட்டலும் கழித்தலுமாக 18 கேட்டார். மிகப் பெரிய அணிகளில் அது லாபம்தான். தேர்வுத்தாளில் மட்டும் முயன்று பார்க்காதீர்கள்.