துருவைத் தேய்க்கும் முன் குழாய்க்குள் பாருங்கள்

கேள்வி: தாத்தா ஓட்டிய ராலே சைக்கிள் பட்டர்வொர்த் வீட்டின் பின்கட்டில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. எஃகுச் சட்டமெங்கும் துரு. உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. வெளியே தெரியும் துருவைவிடக் குழாய்க்குள் மறைந்திருக்கும் துருதான் ஆபத்தானது. பினாங்குக் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. மழைநீரோ இருக்கைத் தண்டின் வழியே இறங்கி, பெடல் அச்சு சுழலும் கூட்டில் தேங்கிவிடுகிறது. முதலில் இருக்கைத் தண்டையும் பெடல் அச்சையும் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு சாயம் கொப்பளித்த இடங்களை, முக்கியமாகக் கூட்டின் அடியையும் பின்சக்கரத்தை ஒட்டிய மெல்லிய குழாய்களையும், ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உலோகம் அமுங்கினாலோ இணைப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ தயவுசெய்து அதை ஓட்டாதீர்கள். சாயம் பூசினால் வலு திரும்பாது. தாத்தாவின் நினைவாகச் சுவரில் மாட்டிவையுங்கள்.

சட்டம் உறுதியாக இருந்தால், துருவை நீக்கச் சிட்ரிக் அமிலம் போதும். கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். முகப்பிலுள்ள கொக்குத்தலைச் சின்னத்தையும் பொன்னிறக் கோடுகளையும் முதலில் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள், அவை போனால் வராது. கரைசலில் நனைத்த துணியைக் குழாய்களில் சுற்றி, காயாதபடி மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். இடையிடையே பிரித்து நைலான் பிரஷால் தேய்த்தால் துரு கறுப்புக் குழம்பாக வழியும். அடியில் மங்கிய சாம்பல் நிறத்தில் எஃகு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் அமிலம் நல்ல இரும்பையே தின்னும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். குளோரின் கலந்த வெளுப்பு நீர் இதனுடன் கலந்தால் நச்சு வாயு கிளம்பும், எனவே அதை அருகில்கூட வைக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரில் அலசி, முடி உலர்த்தியால் உடனே காயவையுங்கள். இந்த ஈரக்காற்றில் வெறும் எஃகு விரைவிலேயே மீண்டும் செம்மை பூக்கத் தொடங்கும். "நாளை பார்க்கலாம்" என்று விட்டால் உழைத்ததெல்லாம் வீண். அன்றே துருத்தடுப்பு பிரைமர் அடித்துவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழையில் தொடங்காமல் ஜனவரி, பிப்ரவரி வெயிலுக்குக் காத்திருப்பது நல்லது. குழாய்களின் உட்புறத்துக்கு, கார்களின் உட்குழிவுகளில் அடிக்கும் மெழுகு கலந்த துருத்தடுப்புத் தெளிப்பான் ஏற்றது.

ஹேண்டில்பாரின் குரோம் பூச்சுக்கு அமிலமே வேண்டாம். கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாலே மேலோட்டமான துரு போய்விடும்.