கெடு வச்சாத்தான் சட்டம் வரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மண்டபத்துலேர்ந்து சட்டம் படிக்கிற தம்பி): அண்ணே, கென்யாவுல 2010-ல புது அரசியலமைப்பு வந்தப்போ தேர்தல், கோர்ட்டு ரெண்டையும் சீர்திருத்துற பொறுப்ப பாராளுமன்றத்துக்கிட்டயே குடுத்தாங்கன்னு படிச்சேன். பழைய முறையில ஜெயிச்சு வந்த எம்பிங்களே அத மாத்துவாங்கன்னு எப்படிண்ணே நம்புனாங்க?

பதில்: நம்பல தம்பி, நம்பாததுனாலதான் கெடு வச்சாங்க. 2007 டிசம்பர் தேர்தல் முடிவு அறிவிச்ச உடனே அங்க ஊர் ஊரா பத்திக்கிச்சு, ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க, சுமார் 6 லட்சம் பேர் வீடு வாசல விட்டு ஓடுனாங்க. கோர்ட்டுக்கு போங்கன்னு சொன்னதுக்கு எதிர்க்கட்சி போகவே இல்ல, அங்க நியாயம் கெடைக்கும்ங்கிற நம்பிக்கையே அவங்களுக்கு கிடையாது. ஓட்டு எண்ணுற இடமும் கெட்டு, முறையிடுற இடமும் கெட்டா மனுஷன் தெருவுக்குத்தான் வருவான்.

அதனால 2010 ஆகஸ்ட்ல மக்கள்கிட்ட ஓட்டு எடுத்து புது அரசியலமைப்ப கொண்டாந்தப்போ, பின்னாடி ஒரு அட்டவணைய சேத்து எந்தச் சட்டத்த எத்தன வருஷத்துல போடணும்னு எழுதிட்டாங்க. தேர்தல் சட்டத்துக்கு 1 வருஷம். நீதிபதிங்கள சலிச்சு எடுக்குற சட்டத்துக்கும் 1 வருஷம். நம்ம மீன்பிடி தடைக்காலத்த நெனச்சுப் பாரு தம்பி, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அதுக்குள்ள விசைப்படக கரையேத்தி அழுகுன பலகைய மாத்தி இடுக்குல பஞ்சு அடைச்சு பெயிண்ட் அடிச்சு வலையையும் பாத்து முடிச்சிடுறாங்க, கடலுக்குப் போற தேதி தெரியுறதுனாலதான் அவ்வளவும் நடக்குது. 'நேரம் கெடைக்கும்போது பாத்துக்கலாம்'னு விட்ட பலகை நடுக்கடல்லதான் கழலும்.

கெடுவ தாண்டுனா என்னன்னும் எழுதியிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது. சட்டம் வரலைன்னா யாரு வேணும்னாலும் ஹைகோர்ட்டுல மனு போடலாம், கோர்ட்டு உத்தரவு போட்டும் பாராளுமன்றம் அசையலைன்னா, சபைய கலைச்சிடுங்கன்னு தலைமை நீதிபதி ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்லணும். 2011 ஆகஸ்ட்ல கெடு முடியப்போற நேரத்துல மசோதா மேல மசோதாவா அவசர அவசரமா நிறைவேத்துனாங்க, தேர்தல் கமிஷன் புதுசா வந்துச்சு, பழைய தலைமை நீதிபதி 6 மாசத்துல எறங்கணும்னே விதி, அடுத்த வருஷம் அப்பீல் கோர்ட்டு நீதிபதிங்க 4 பேரு தகுதி இல்லைன்னு சொல்லி வெளிய அனுப்பப்பட்டாங்க. அந்த வேலையோட பலன் 2017 செப்டம்பர் 1 அன்னிக்கி தெரிஞ்சுது, பதவியில இருந்த ஜனாதிபதி ஜெயிச்சதா அறிவிச்ச தேர்தலையே அந்த ஊரு சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னுச்சு, ஆப்பிரிக்காவுல அதுதான் முதல் தடவ.

ஆனா முழுசா ஜெயிச்சதுன்னும் சொல்ல மாட்டேன். சபையில ஆணோ பெண்ணோ ஒரு பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுங்கிறதுக்கான சட்டத்த மட்டும் இழுத்துக்கிட்டே போனாங்க. 2020 செப்டம்பர்ல தலைமை நீதிபதி டேவிட் மராகா சபைய கலைங்கன்னு எழுதியே குடுத்துட்டாரு, கலைக்கல. பொம்பளைங்க விஷயம்னா எந்த ஊருலயும் கடைசி வரிசைதான், மனசு வெந்து போகுது.

கேள்வி (தங்கச்சிமடத்துலேர்ந்து ஒரு அக்கா): நம்ம நாட்டுல இப்படி கெடு ஏதும் இருக்கா?

பதில்: இந்த விஷயத்துல இல்லக்கா. தேர்தல் கமிஷனர நியமிக்கிறது பாராளுமன்றம் போடுற சட்டத்துக்கு உட்பட்டதுன்னு 324-வது பிரிவுல இருக்கு, எப்ப போடணும்னு இல்ல. 1950-லேர்ந்து 73 வருஷம் எந்தக் கட்சி ஆண்டாலும் அத போடல, அரசாங்கமே ஆளப் பாத்து வச்சுது. 2023 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் வர்ற வரைக்கும் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூணு பேரும் சேந்து தேர்வு பண்ணுங்கன்னு சொல்லிச்சு. அந்த டிசம்பர்லயே சட்டம் வந்துடுச்சு, தலைமை நீதிபதி எடத்துல பிரதமர் சொல்ற ஒரு மந்திரி! மூணுல ரெண்டு ஓட்டு ஆளுங்கட்சி கையில இருக்கப்போ எதிர்க்கட்சித் தலைவர் அங்க உக்காந்து என்ன பண்ணுவாருக்கா? இது நியாயம் இல்லைன்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி (பாம்பன் வாசகர்): எதிர்க்கரையில மாகாண சபைத் தேர்தல் ஏன் நின்னு போச்சு?

பதில்: 2017-ல இலங்கை பாராளுமன்றம் தேர்தல் முறைய மாத்துச்சு, அதுக்கு தொகுதிய புதுசா பிரிக்கணும். பிரிச்சு குடுத்த அறிக்கை 2018 ஆகஸ்ட்ல ஓட்டுக்கு வந்தப்போ ஆதரவா ஒரு ஓட்டுகூட விழல, கொண்டாந்த அரசாங்கமே எதிர்த்து போட்டுச்சு. அடுத்து பிரதமர் தலைமையில ஒரு குழு 2 மாசத்துல திருத்தி அறிக்கை தரணும்னு சட்டத்துல இருந்துச்சு. கெடு இருந்துச்சு, தாண்டுனா என்னங்கிறதுதான் இல்ல. அறிக்கை வரல, பழைய முறையும் போச்சு, புதுசும் வரல, வடக்கு மாகாண சபை காலம் அந்த அக்டோபர்லயே முடிஞ்சு ஆளுநர் கைக்குப் போயிடுச்சு. 2013-ல வரிசையில நின்னு ஓட்டுப் போட்ட சனங்க அது.